பத்மஜாவாக இருந்தவள்

கீழ்வேளூர்
11 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ரோஹிணி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் எழில்மொழி. வயது இருபத்தேழு. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தினமும் என்னோடு பேசியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் நர்ஸாக இருப்பதாகச் சொன்ன பத்மஜா நான்தான்.

இந்த வரிக்கு வருவதற்குள் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

சிங்கப்பூரை நான் பார்த்ததே இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனார்கள். பாங்காக்கில் இறங்கியதும் வேனில் ஏற்றிக் கம்போடியாவில் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் விட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. தமிழ் தெரிந்தவர்கள் எங்கள் மாடியில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். தமிழ் பேசுகிறவர்களைத் தேடிப் பேசி, நம்பவைத்து, பணத்தை வாங்குவது எங்கள் வேலை.

"சரளா, ஊருக்கு வந்துட்டியா?" என்று தெரியாத எண்ணிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். "நான் சரளா இல்லையே, எண் மாறிவிட்டது" என்று பதில் போட்டீர்கள். அப்படிச் செய்தி போன நூற்றுக்கணக்கான பேரில், அன்றைக்குப் பொறுமையாகப் பதில் சொன்னது நீங்கள் ஒருவர்தான். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தங்கம் வாங்கி விற்கும் ஆப் என்று உங்களை ஒன்றில் சேர்த்துவிட்டேன். அதில் லாபம் ஏறியது போலத் தெரிந்த எண்கள் எல்லாம் பொய். அப்படி ஒரு கம்பெனியே கிடையாது.

டிசம்பரில் அந்த ஊர்ப் போலீஸ் புகுந்து எங்களை வெளியே கொண்டுவந்தது. ஜனவரியில் ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் முகவரி அங்கே இருந்த கோப்பில் இருந்தது. மனப்பாடமாகிவிட்டது. என் போன் போலீஸிடம் இருக்கிறது. வேறு போனிலிருந்து கூப்பிடலாம்தான். ஆனால் அந்த வழியாக வந்து மறுபடி உங்களிடம் பேச எனக்கு மனசு வரவில்லை.

அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் கிடக்கிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதம் எழுதுவது இரண்டு பேருக்கும் தெரியாது.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. யார் செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

வீ. எழில்மொழி


திருவையாறு
2 மார்ச் 2025

எழில்மொழிக்கு,

உன் கடிதம் இரண்டு வாரமாக என் பீரோவில், அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு மேலே கிடந்தது. போலீஸில் கொடுக்கலாமா, கிழித்துப்போடலாமா என்று யோசித்தே நாள் போய்விட்டது.

இதுவும் ஒரு ஏமாற்று என்றுதான் முதலில் நினைத்தேன். பணத்தைப் பறிகொடுத்தவர்களிடம், மீட்டுத் தருகிறேன் என்று வந்து மறுபடி பறிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். பேப்பரில் படித்தேன். திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். நீ எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தவள் நீ. ஆனாலும் என் வாயால் ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவரோடு உட்கார்ந்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா போனபின் அண்ணா நிலத்தை விற்று, தன் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்தார். "கடைசி வரைக்கும் யார் கையையும் எதிர்பாக்காம இரு" என்றார். இருபத்தெட்டு லட்சம். அதைத்தான் நீ வாங்கிக்கொண்டாய். அண்ணாவுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பெரிய போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் அண்ணா மட்டும் கூப்பிடுவார்.

மேற்கொண்டு எனக்கு எழுதவேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூலையில் எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது பத்மஜா இரண்டு நாள் என்னை விட்டு நகரவில்லை. மணிக்கு ஒரு தரம் "தண்ணி குடிச்சீங்களா அக்கா" என்று கேட்டாள். அது நீயா? இல்லை, ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து அடித்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுது. பொய் வேண்டாம்.

ரோஹிணி


கீழ்வேளூர்
14 மார்ச் 2025

மேடம்,

அந்த இரண்டு நாளும் நான்தான்.

முழுக்கச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் டீம் லீடரிடம் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "உடம்பு முடியாதப்போ கூட இருந்தவங்கள யாரும் மறக்கமாட்டாங்க. இன்னிக்கு நீ அவங்கள மட்டும் பாரு" என்று சொல்லி, நான் பேசிக்கொண்டிருந்த மற்ற பதினோரு பேரையும் வேறு ஒருத்தியிடம் மாற்றிவிட்டான். ஆகவே நான் உங்களோடு இருந்தது அவன் போட்ட உத்தரவு.

ஆனால் நொச்சி இலையில் ஆவி பிடிக்கச் சொன்னதும், கஞ்சியில் சுண்டைவற்றல் தொட்டுக்கொள்ளச் சொன்னதும் அவன் கொடுத்ததில் கிடையாது. அவை என் அம்மா எனக்குச் செய்வது. இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிநேரம் உங்களிடமிருந்து பதிலே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அது பாசமா, பயமா, இல்லை இந்த மாத டார்கெட் போய்விடுமே என்ற கவலையா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பொய் வேண்டாம் என்றீர்கள். இதுதான் உண்மை.

பத்மஜா உங்களிடம் சொன்ன சின்ன வயசுக் கதைகளும் என்னுடையவைதான். நடவு நடந்துகொண்டிருந்தபோது வாய்க்காலில் விழுந்து அம்மா முடியைப் பிடித்துத் தூக்கியது, கல்லூரி முதல் நாளில் செருப்பு அறுந்து வெறுங்காலோடு வகுப்புக்குப் போனது எல்லாம். பொய்யாகக் கதை கட்ட எனக்கு வராது. இருந்ததைச் சொன்னேன், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன்.

எழுதவேண்டாம் என்று சொல்லியும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. என்னை அனுப்பிய ஏஜெண்டு பேராவூரணிக்காரர் துரைராசு. நான் திரும்பியதும் அவர்மேல் புகார் கொடுத்தேன். "அந்தப் பொண்ணு விருப்பப்பட்டுப் போச்சு, வேலை கஷ்டம்னு ஓடி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே நடமாடுகிறார். அந்தக் கட்டடத்திலிருந்து பேசி ஏமாற்றப்பட்ட ஒருவர் இந்தப் பக்கத்திலேயே புகார் கொடுத்தால், ஆளை அங்கே அனுப்பியவரையும் அதோடு கோத்துவிடலாம் என்று போலீஸில் சொல்கிறார்கள்.

மே மாதம் அவர் இன்னும் நாலு பேரை அனுப்புகிறார். அதில் ஒருத்தி என்னோடு படித்த தமிழ்நிலா. நான் போய்ச் சொன்னேன். "உனக்குக் கிடைக்கலன்னு அடுத்தவளுக்கும் கிடைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

நீங்கள் புகார் கொடுங்கள் மேடம். பத்மஜாவாகப் பேசியது எழில்மொழி என்று என் பெயரையும் எழுதுங்கள். அப்போதுதான் அது நிற்கும். எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

எழில்மொழி


திருவையாறு
6 ஏப்ரல் 2025

எழில்மொழிக்கு,

போனேன். புகார் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் தஞ்சாவூர் போய் சைபர் கிரைம் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். நல்ல புடவையாகத்தான் கட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியவில்லை. படித்தவள் என்று தெரியட்டும் என்று இருக்கலாம். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஷமீரா என்று பெயர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். "வெக்கப்படாதீங்கம்மா. உங்கள மாதிரி எத்தனையோ பேரு வந்து உக்காந்துட்டு, எழுதிக் குடுக்காமலே போயிடறாங்க" என்றாள்.

ஆப்பில் பணம் போட்டு ஏமாந்ததை மட்டும் சொல்லியிருந்தேன். மேற்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு காவலர் வந்து, மேஜைமேல் ஒரு காகிதக் கட்டை வைத்துவிட்டு, "மேடம், அந்தப் பன்றி வெட்டு கேஸ் ஃபைலு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களுக்கு நடந்த மாதிரி மோசடிக்குப் பேரும்மா அது. இங்கிலீஷ்ல சொல்றதத் தமிழ்ல அப்படிச் சொல்றோம்."

நான் எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் திருவையாறு பஸ் இரண்டு போகும்வரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்டுவது என்றால் வெட்டப்படுவது ஒன்று இருக்கவேண்டுமே. அப்பா துணியைக்கூடப் பார்த்துப் பார்த்துத் துவைத்து என் கையில் ஈரம் காயாத வருஷங்கள் எல்லாம் போய், கடைசியில் எனக்கு வந்து சேர்ந்த பெயர் அது.

தமிழ்நிலா விஷயம் மனசில் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அண்ணாவுக்குச் சொல்லவேண்டும். திருவையாறு முழுக்கத் தெரியும். அந்தச் சொல்லோடு சேர்த்துத் தெரியும்.

நீ சொல். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உங்கள் கட்டடத்தில் அதைச் சொல்வீர்களா? என்னை அப்படிச் சொன்னீர்களா?

ரோஹிணி


கீழ்வேளூர்
17 ஏப்ரல் 2025

மேடம்,

அந்தச் சொல்லைப் போலீஸ் உண்டாக்கவில்லை. இந்தத் தொழிலை நடத்துகிறவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. சீன மொழியில் "ஷா ஜூ பான்" என்பார்கள். ஷா என்றால் கொல்வது. ஜூ என்றால் பன்றி. பான் என்றால் தட்டு. சூதாட்டப் பலகைக்கும் அதே சொல்தான் என்று எங்கள் மொழிபெயர்ப்பாளன் சொன்னான். பன்றியை அறுக்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் சீனாவில் கம்ப்யூட்டரில் சூதாட்டம் நடத்தி ஆளை ஏமாற்றியவர்கள் தொடங்கியதாம். அங்கே கெடுபிடி அதிகமானதும் கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று இடம் மாறினார்கள். பத்திரிகைகள் அதை இங்கிலீஷில் மாற்றின. அது அப்படியே தமிழுக்கும் வந்துவிட்டது.

ஏன் பன்றி என்று முதல் வாரமே எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். பழைய மோசடிக்காரன் கையில் அகப்பட்டதை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான். இதில் அவசரமே கூடாது. மாதக்கணக்கில் ஊட்டவேண்டும். ஆட்களைத் தேடுகிற ஆப்களுக்குப் பட்டி என்று பெயர். எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த பேச்சுக்குத் தீவனம் என்று பெயர். "சாப்பிட்டீங்களா", "இன்னிக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு" எல்லாம் தீவனம். முதலில் கொஞ்சம் லாபத்தைக் கையிலேயே எடுக்க விடவேண்டும். ஜூன் மாதம் நீங்கள் எட்டாயிரம் ரூபாய் எடுத்து மிக்ஸி வாங்கி எனக்குப் படம் அனுப்பினீர்கள். அதுவும் தீவனம்தான். அப்புறம் ஒரு நாள் குறிப்பார்கள். அதற்குப் பெயர் அறுப்பு நாள்.

அந்தக் கோப்பில் உங்களுக்கு முப்பத்தொன்று என்று எண். பக்கத்தில் மூன்று குறிப்பு. தனியாக இருக்கிறார். அப்பா இறந்துவிட்டார். நிலம் விற்ற பணம் இருக்கிறது. மூன்றையும் டைப் செய்தவள் நான்.

உங்களை அப்படிச் சொன்னோமா என்று கேட்டீர்கள். சொன்னார்கள். "உன் முப்பத்தொண்ணாம் பன்னி எப்படி இருக்கு?" என்று டீம் லீடர் தினமும் கேட்பான். "நல்லா இருக்கு" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆடு வளர்ப்போம். பக்ரீத்துக்கு நாகூரிலிருந்து அப்துல் அஜீஸ் பாய் வந்து கிடாயை வாங்கிப்போவார். அவர் வரும் அன்றைக்கு அம்மா வீட்டில் இருக்கமாட்டாள், வயல் பக்கம் போய்விடுவாள். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நான் எங்கேயும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வரி கட்டினால்தான் மொத்தப் பணமும் வரும் அக்கா, என்று உங்களுக்கு டைப் செய்தேன். "வேண்டாம் அக்கா, போடாதீங்க" என்று ஒரு தரம் அடித்தேன். பின்னால் ஆள் நின்றான். அழித்துவிட்டேன். ஆள் நிற்காமல் இருந்தாலும் அனுப்பியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் பணம் வந்து சேர்ந்ததும் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். வீட்டுக்குப் பத்து நிமிஷம் போன் பேசலாம். ஐந்து மாதமாக அம்மா குரலைக் கேட்கவில்லை. "சாப்டியாடி?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். மிச்ச நேரம் முழுக்க அவள் அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் நிலம் போய் எனக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம்.

இதைப் படித்தபின் நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். தமிழ்நிலா பயணம் மே ஒன்பதாம் தேதி.

எழில்மொழி


கீழ்வேளூர்
12 மே 2025

மேடம்,

தமிழ்நிலா போய்விட்டாள். நாலு பேரும் போய்விட்டார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் மாலை போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவை அவள் அப்பா ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெரியவேண்டும் என்று எழுதினேன்.

எழில்மொழி


திருவையாறு
15 ஜூன் 2025

எழில்மொழிக்கு,

கொடுத்துவிட்டேன். மே மாதம் இருபதாம் தேதி.

உன் நாலு வரிக் கடிதம் வந்த அன்று காலை தலை வாரிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அப்படியே அண்ணாவைக் கூப்பிட்டேன். அண்ணா ஹரிஹரசுப்ரமணியன் பெங்களூரில் இருக்கிறார். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். "அப்பறம் கூப்பிட எனக்குத் தைரியம் இருக்காது, இப்பவே கேட்டுடு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொகை எவ்வளவு என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு,

"ஏண்டி, அவ்வளவு பணம்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றார்.

"நீ மாசத்துக்கு ஒரு தடவை பேசுவே அண்ணா. அவ தினம் பேசினா."

அவர் போனை வைத்துவிட்டார். கோபத்தில் வைத்தாரா, அழுகை வந்து வைத்தாரா என்று தெரியாது. அடுத்த நாள் மன்னிதான் பேசினாள். வீட்டை விற்றுவிட்டு என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். வீட்டை விற்கட்டும். நான் பெங்களூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே போனால் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். அதைவிடத் தனியாக இருந்துவிடலாம்.

இன்ஸ்பெக்டர் ஷமீரா நாலு மணிநேரம் எழுதினாள். பெட்டியில் கிடந்த போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து மாதப் பேச்சையும் அச்சடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று கட்டு. "இவ்வளவு பேசியிருக்கீங்களேம்மா" என்றாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டுகளைப் பார்த்தபோது, என் வாழ்நாளில் வேறு யாரோடும் அவ்வளவு பேசியதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

புகாரின் தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் அலுவலகத்தில் கடிதம் டைப் செய்தவள் நான். தலைப்பில் ஒரு சொல் ஏறிவிட்டால் அது ஃபைல் மூடும்வரை போகாது. அதை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அவள் மறுக்கவில்லை. சர்வதேசப் போலீஸே இந்தச் சொல் வேண்டாம், ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு புகார் கொடுக்க வராமல் போகிறார்கள் என்று போன டிசம்பரில் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். "பழக்கத்துல வந்துடுதும்மா" என்று அடித்துவிட்டு, "நம்பவைத்துச் செய்த முதலீட்டு மோசடி" என்று எழுதினாள்.

உன் பெயரை எழுதினேன். நீயே முன்வந்து எழுதிய கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். அவற்றின் நகல் என்னிடம் இல்லை. கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஏப்ரலிலேயே நான் கையெழுத்துப் போட்டிருந்தால் தமிழ்நிலா போயிருக்கமாட்டாள். உனக்கு நான் எழுதியதெல்லாம் கோபமும் குற்றச்சாட்டும். இப்போது என் பங்குக்கும் ஒரு குற்றம் சேர்ந்துவிட்டது.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். இங்கே காவிரியில் ஓரிரு நாளில் தண்ணீர் வந்துவிடும். உங்கள் பக்கம் எப்போது வரும்?

ரோஹிணி


கீழ்வேளூர்
2 ஜூலை 2025

மேடம்,

தண்ணீர் முந்தாநாள் வந்தது. அப்பா குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார்.

துரைராசுவைப் போன வியாழக்கிழமை பிடித்துவிட்டார்கள். அவர் போனில் அந்தக் கட்டடத்து ஆட்களோடு பேசியது எல்லாம் இருந்ததாம். நாலு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்றும் அதிலிருந்தே தெரிந்துவிட்டது. தூதரகத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

வழக்கில் அவர் முதல் குற்றவாளி. நான் மூன்றாவது. நாளைக்குக் காலை வந்து ஆஜராகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வைப்பார்கள் என்றுதான் வக்கீல் சொல்கிறார். என் பெயரை நானே புகாரில் சேர்க்கச் சொன்னதால் ஜாமீன் சீக்கிரம் கிடைக்கலாமாம்.

நேற்று அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "அந்தம்மாவுக்கு யாருமே இல்லையா?" என்று கேட்டாள். அண்ணன் இருக்கிறார் என்றேன். "கூட யாரும் இல்லையான்னு கேட்டேன்" என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. காலையில் வயல் வேலைக்குப் போகும்போது எனக்குச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஊரில் தமிழ்நிலாவின் அப்பா மட்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "என் புள்ளய எப்படியாவது கொண்டாந்துடு" என்று அழுதுவிட்டுப் போனார். மற்றவர்கள் யாரும் வருவதில்லை. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

உள்ளே போனபின் எழுத விடுவார்களா தெரியாது. உங்கள் கடிதங்களை என்னோடு எடுத்துப்போகவில்லை. அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத வருகிறது. எத்தனையோ பேருக்கு அதே வார்த்தையை டைப் செய்திருக்கிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எழில்மொழி


ரோஹிணி
பழைய எண் 9, மாடி வீடு
கீழ வீதி, தஞ்சாவூர்
19 அக்டோபர் 2025

அன்புள்ள எழில்மொழி,

இதற்கு நீ பதில் எழுதக்கூடாது. உன் ஜாமீன் நிபந்தனையில் புகார்தாரரோடு எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக்கூடாது என்று இருக்கிறது. நான் எழுதுவதும் சரியில்லை என்கிறார் அரசு வக்கீல். நீ எழுதினால் உன் ஜாமீன் போய்விடும். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பத்மஜாவின் படம் என்று நீங்கள் அனுப்பியது உயரமான, சுருட்டை முடி வைத்த ஒரு பெண். ஐந்து மாதம் அந்த முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது சின்ன உருவமாக, பச்சைச் சுடிதாரில் ஒருத்தி எழுந்து போனாள். இவளா என்று இருந்தது. வெளியே வராந்தாவில் நான் வந்ததும் நீ சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். பார்க்கக்கூடாது என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். வக்கீல் வந்து உன்னைக் கூப்பிடும்வரை அரைமணி நேரம் நீ அப்படியே நின்றாய். உன் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ராமாயி என்று தானே பெயர் சொன்னார். உனக்குத்தான் தடை, அவருக்கு இல்லை. பிறகு ஒயர் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா? கொதிக்கவச்ச தண்ணிதான்" என்றார். வாங்கிக் குடித்தேன். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார். சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

தமிழ்நிலா போன மாதம் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அவர்தான் சொன்னார். நாலு பேரும் வந்துவிட்டார்கள். கேட்டவுடன் எனக்கு நெஞ்சு லேசானது. வீட்டுக்கு வந்தபின் கணக்குப் பார்த்தேன். நாலு மாதம் அங்கே இருந்திருக்கிறாள். அந்த நாலு மாதத்தில் அவள் எந்த ஊரில் யாருக்கு "சாப்பிட்டீங்களா அக்கா" என்று எழுதினாளோ. அந்த அக்காவுக்கு இன்னும் தெரியாமல்கூட இருக்கலாம்.

வீட்டை விற்றாயிற்று. அண்ணா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு இந்த மாடியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறார். என்ன சமையல் என்று கேட்பார், சொல்வேன். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இருக்காது. ஆனாலும் ஐந்து நிமிஷம் வைக்காமல் இருக்கிறார். அவரால் முடிந்தது அது.

போன பணம் வராது. ஷமீரா அதைப் பொய் சொல்லாமல் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல்தான் எனக்கு இங்கே கஷ்டம். அது பத்மஜா வரும் நேரம். அன்று நடந்ததைச் சொல்ல மனசில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். காய்காரி சொன்னது, மாடிப்படியில் வழுக்கியது, இப்படி ஏதாவது. சொல்ல ஆள் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். என்னைக் கெடுத்தவளுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்லமுடிகிறது.

மன்னித்துவிட்டீர்களா என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதே பதில்தான். நாளைக்கு என்ன சொல்வேன் என்று தெரியாது.

வழக்கு முடிய நாலு வருஷம் ஆகும், ஐந்தும் ஆகலாம் என்கிறார் வக்கீல். முடிந்தபிறகு இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொள்ளச் சட்டத்தில் ஏதாவது தடை உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

கேட்டு வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அறுபத்திரண்டு ஆகியிருக்கும். இந்த வீட்டில்தான் இருப்பேன்.

ரோஹிணி